சிறைக்குப் போன மூன்று புத்தகங்கள்

1

நான் பழைய புத்தகம் விற்கிற இணையத்தளத்திலிருந்து போன கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. நீங்கள் கணக்குத் தொடங்கிப் பத்து வருடமாகிறது, வாழ்த்துகள் என்று பலூன் படமெல்லாம் போட்டு அனுப்பியிருந்தார்கள். களவு மின்னஞ்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். பலூனைத் தொட்டால் வங்கிக் கணக்கு துடைத்து எடுக்கப்பட்டுவிடும் என்ற பயத்தில் மகள் தாரணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இட்ஸ் ரியல், அம்மா. ஏன் நீங்கள் எல்லாத்தையும்..." என்று தொடங்கி, மிச்சத்தை ஆங்கிலத்தில் கொட்டிவிட்டுப் போனாள். மிச்சம் எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் இலேசில் ஒருவரையும் நம்புகிற பிறவி இல்லை. மின்சாரக் கம்பனியை மாற்றச் சொல்லி வாசலுக்கு வருகிற பிள்ளைகளை ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று எடைபோடுவேன். கடையில் ஏதாவது இலவசமாகத் தந்தால், எங்கே மாட்டிவைக்கப் போகிறார்களோ என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஒரு பை எலுமிச்சம்பழம் கொண்டுவந்து தந்தபோது, வேலியைத் தள்ளிப் போடப் போகிறாரோ என்று சந்தேகப்பட்டு அளவு நாடாவுடன் பின்வளவுக்குப் போனவள் நான். வேலி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த மனுஷன் இன்னும் எலுமிச்சம்பழம் தந்துகொண்டிருக்கிறார்.

லின்ஃபீல்டில் எங்கள் வீட்டுக் கராஜில் கார் நின்ற காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது அங்கே தமிழ்ப் புத்தகங்கள்தான் நிற்கின்றன. இந்த நாட்டுக் குடியுரிமை கையில் கிடைத்ததும் கடல் தாண்டி மெல்பேர்னுக்கு மூட்டை கட்டுகிற குடும்பங்கள், போகிற போக்கில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். எல்லாரும் சொல்வது ஒரே கதைதான்: "பிள்ளையள் வாசிக்க மாட்டினம், எறியவும் மனம் வரேல்லை, நீங்கள் வச்சிருங்கோ." அவற்றைத் துடைத்து, படமெடுத்து, இணையத்தில் போட்டு விற்கிறேன். வாங்குகிறவர்களிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. விலாசம் வந்ததும் கணினி வரைபடத்தில் அந்த வீட்டைத் தேடிப் பார்ப்பேன். புல்லு வெட்டியிருக்கிறதா, வாசலில் உடைந்த கார் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பொதி கட்டுவேன். தாரணிக்கு இது பெரிய மானக்கேடு.

அந்தப் பலூன் படத்தைப் பார்த்தபோது, இந்தப் பத்து வருடத்தில் அனுப்பிய நூற்றுக்கணக்கான பொதிகளில் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பற்றி இதுவரை முழுசாக ஒருவருக்கும் சொன்னதில்லை.

2

அது 2015 குளிர்காலம். மூன்று பாகமாக வந்த ஒரு சரித்திர நாவல் இரண்டு வருடமாக ஒருவரும் தொடாமல் கிடந்தது. ஒரு திங்கட்கிழமை அது விற்றுப்போனதாகச் செய்தி வந்தது. வாங்கியவர் பெயர் ஸ்டெல்லா, இடம் பக்குரங்கா. ஆனால் அனுப்பவேண்டிய விலாசம் வேறு. ஏ. செல்வராஜ் என்று ஒரு பெயர், பெயருக்குப் பக்கத்தில் நீளமாக ஓர் இலக்கம், நகரத்துக்குத் தெற்கே ஒரு தெரு.

வழக்கம்போல வரைபடத்தில் தேடினேன். நீள நீளமான சாம்பல் நிறக் கூரைகள் தெரிந்தன. சுற்றிவர ஒரு மரம் இல்லை. பென்ரோஸில் என் கணவர் சிவம் வேலை செய்கிற களஞ்சியமும் மேலேயிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும். செல்வராஜ் என்கிறவர் புத்தகத்தை வேலையிடத்துக்கு எடுப்பிக்கிறார் போல என்று நினைத்தேன். அப்போது பதின்மூன்று வயதான தாரணி, பால் எடுக்க வந்தவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, தட்ஸ் அ பிரிசன்."

எனக்குக் கை கூசியது. ஏதோ அந்தக் கூரையைத் தொட்டுவிட்ட மாதிரி கணினியை மூடிவிட்டேன். பின்னேரம் சிவம் வேலையால் வந்ததும் முதல் வேலையாக விஷயத்தைச் சொன்னேன்.

"இஞ்சேரும், உது வேண்டாம்," என்றார். "எங்கட விலாசம் உள்ளுக்குப் போகும். நாளைக்கு அவன் வெளியில வந்து கதவைத் தட்டினா என்ன செய்வீர்?"

"புத்தகம் வாசிக்கிறவன் ஏன் வந்து தட்டுறான்?"

"நாலாம் பாகம் இருக்கோ எண்டு கேட்க."

அவருக்கு எதுவும் பகிடிதான். எனக்கோ உண்மையான பயம். ஆனால் விற்ற பொருளை அனுப்ப மறுத்தால் கணக்கில் சிவப்புக் குறி விழும். ஒரு சிவப்புக் குறிகூட இல்லாத கணக்கு என்னுடையது. அந்த வீண் பெருமை என்னை விடவில்லை. ஸ்டெல்லாவின் இலக்கத்துக்கு எடுத்தேன்.

"அக்கா! புக்கு அனுப்பிட்டீங்களா?" என்று மலேசியத் தமிழில் ஓர் இளகிய குரல் கேட்டது.

"இன்னும் இல்லை, பிள்ளை. விலாசத்தைப் பாத்தனான்... அது..."

"ஆமாக்கா, ஜெயிலுதான். என் வீட்டுக்காரரு உள்ள இருக்காரு. நாங்க கையில கொண்டுபோய்க் கொடுக்க முடியாது லா. விக்கிறவங்ககிட்ட இருந்து நேரா போகணும், அவங்க பேரு, அட்ரஸ் எல்லாம் பில்லுல இருக்கணும்னு சொல்லிட்டாங்க. வேற மூணு பேருகிட்ட கேட்டுப் பார்த்தேன். ஜெயிலுன்னதும் முடியாதுன்னுட்டாங்க."

என்ன செய்துவிட்டு உள்ளே போனவர் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. "நல்லா வாசிப்பாரோ?" என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் ரொம்பப் படிப்பாரு. நடுவுல விட்டுட்டாரு. இப்ப மறுபடி கேக்குறாரு."

நடுவில் ஏன் விட்டார்? நடுவில் என்ன செய்துகொண்டிருந்தார்? போனை வைத்த பிறகு இதே கேள்விதான் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

3

பார்சல் என்ற சொல்லே எனக்கு ஆகாது. அதற்குக் காரணம் இருக்கிறது. சண்டைக் காலத்தில் கொழும்பிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த என் தம்பியிடம், தெரிந்த ஒருவர் "அம்மாவிட்டக் குடுத்து விடும்" என்று ஒரு சின்னப் பொதியைக் கொடுத்திருந்தார். பிஸ்கட் என்றார். தம்பி திறந்து பார்க்கவில்லை. வவுனியாவில் ஆமிக்காரன் திறந்து பார்த்தான். பிஸ்கட் பெட்டிக்குள் டோர்ச் பற்றரி இருந்தது. அந்தக் காலத்தில் பற்றரி வடக்கே போகத் தடை. பதினொரு நாள் தம்பியை வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவன் ஒரு வருடம் ஒழுங்காகக் கதைக்கவில்லை. பொதியைக் கொடுத்தவர் கெட்டவரும் இல்லை. தாய் இருட்டில் இருக்கிறாளே என்று அனுப்பியவர். ஆனால் நான் அவரை இன்றுவரைக்கும் மன்னிக்கவில்லை.

ஆகவே சிறைக்குப் போகிற புத்தகத்தை எப்படிச் சோதித்திருப்பேன் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மூன்று பாகத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். யாரோ அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட்டை எடுத்தேன். அட்டைக்கு நடுவே ஏதாவது இருக்குமோ என்று தட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பழைய சொந்தக்காரர் எழுதியிருந்த பெயரை மை போட்டு அழித்தேன், அந்த மனுஷனுக்கு ஏன் வீண் வில்லங்கம் என்று. பிறகு வேறு வழியில்லாமல் பில்லில் எங்கள் பெயரையும் விலாசத்தையும் எழுதினேன்.

அடுத்து நான் செய்ததைக் கவனமாகச் சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டில் பயந்த காரியம் எதற்கும் திருநீறுதான். கோயிலில் தருவதை நாட்காட்டித் தாளில் சின்னதாக மடித்து வைத்திருப்பேன். சிவத்தின் வான் வண்டிக்குள் ஒன்று, கடவுச்சீட்டு உறைக்குள் ஒன்று, தாரணியின் சோதனைப் பென்சில் பெட்டிக்குள் ஒன்று. அவள் அதை எடுத்து எறிவதும் நான் திரும்ப வைப்பதும் வழக்கம். எங்கள் விலாசத்தைச் சுமந்துகொண்டு அந்தப் பொதி சிறைக்குப் போகப் போகிறது. போகிற இடத்திலிருந்து எந்தக் கேடும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. இதுதான் என் மனதில் இருந்தது. அந்த மனுஷன் நல்லா இருக்கவேண்டும் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. ஒரு மடிப்புத் திருநீற்றை எடுத்து, கொட்டிவிடாமல் தட்டையாக அமுக்கி, மூன்றாம் பாகத்தின் பின்னட்டையில் வெளியே தெரியாதபடி உள்தாளுக்குக் கீழே வைத்து, செலோடேப் போட்டு நாலு பக்கமும் ஒட்டினேன்.

பஸ் டிக்கெட்டை வெளியே எடுத்துவிட்டு வெள்ளைத் தூளை உள்ளே ஒளித்து வைத்தவள் நான். அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

4

ஒன்பது நாள் கழித்து போன் வந்தது. ஆண் குரல். மரியாதையாக, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். சிறை அலுவலர். நீங்கள் அனுப்பிய புத்தகத்துக்குள் ஒரு தூள் இருந்தது, அதைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அது ஒன்றும் இல்லை, சேர். பரிசுத்தமான சாம்பல்," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"யாருடைய சாம்பல்?"

"ஐயோ, ஆளுடையது இல்லை! பசு."

"பசுவை எரித்தீர்களா?"

"பசுவை இல்லை. பசுவின் சாணத்தை."

சொல்லி முடித்த பிறகுதான் எந்த நாட்டில் நிற்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. சப்பாத்தில் ஒட்டிய மண்ணுக்கே விமான நிலையத்தில் மறித்து வைக்கிற நாடு இது. தூள் என்றால் பொலிஸ் வரும். சாணம் என்றால் வேறொரு திணைக்களம் வரும். எது கூடப் பயம் என்று எனக்கே தெரியவில்லை. எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். கோயிலில் என்றேன். கோயில் எங்கே எடுத்தது என்று கேட்டார். கடவுளே, எனக்கு எப்படித் தெரியும்!

அடுத்த கேள்விதான் என்னை நறுக்கென்று பிடித்தது.

"கைதி உங்களிடம் கேட்டுத்தான் வைத்தீர்களா?"

"இல்லை. அவரை எனக்குத் தெரியவே தெரியாது."

"அது மதச் சம்பந்தமான பொருளா என்று அவரிடம் கேட்டோம். தனக்குத் தெரியாது, தான் கிறிஸ்தவன் என்கிறார்."

ஏ. செல்வராஜில் இருந்த ஏ, அந்தோனி. எனக்கு அது தோன்றவே இல்லை. செல்வராஜ் என்றால் எங்கள் ஆள் என்று நினைத்துவிட்டேன். ஸ்டெல்லா என்ற பெயரைக் கண்டும் உறைக்கவில்லை. அந்த மனுஷன் 'ஓம், அது எங்கட திருநீறு' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் விஷயம் அந்த நிமிடமே முடிந்திருக்கும். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

தூளைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், எழுத்தில் விளக்கம் தாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். தம்பியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஒருவரையும் நம்பாமல், எல்லாவற்றையும் திறந்து திறந்து பார்த்து, கடைசியில் அந்தப் பிஸ்கட் பெட்டிக்காரர் செய்ததையே நானும் செய்திருக்கிறேன்.

"உமக்கு விசரா?" என்று சிவம் கத்தினார். "சிறைக்குள்ள ஒரு பொட்டலம் ஒளிச்சு அனுப்பியிருக்கிறீர்! உம்மை வைச்சுக்கொண்டு நான் ஆரைச் சந்தேகப்படுறது?"

5

அடுத்த நாள் ஸ்டெல்லா எடுத்தாள். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனைக் காதில் வைத்தேன். அவள் ஏசவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, உண்மையாவே நீங்கதான் வச்சீங்களா? அவரு யாரையாவது விட்டுச் சொல்லி... நீங்க வைக்கலையே?"

"சத்தியமா நான்தான், பிள்ளை."

அவள் அழத் தொடங்கினாள். அன்றைக்குத்தான் மிச்சக் கதை தெரிந்தது. செல்வராஜ் குடிகாரர். குடித்துவிட்டுக் காரோட்டி, வீதியோரம் சைக்கிளில் போன ஒருவரை மோதிக் கொன்றுவிட்டார். அதற்கு முன்னால் எத்தனையோ தரம் விட்டுவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி, அரிசி வாளிக்குள்ளும் மகளுடைய நீச்சல் பைக்குள்ளும் போத்தல் ஒளித்து வைத்தவர். மகள் ரேச்சலுக்குப் பதினைந்து வயது. இரண்டு வருடமாக அப்பாவைப் போய்ப் பார்க்கமாட்டேன் என்று நின்றவள். இந்தச் சனிக்கிழமை வருகிறேன் என்று முதல்முதலாகச் சம்மதித்திருந்தாளாம். இப்போது சோதனை முடியும்வரைக்கும் பார்வையாளர்களை நிறுத்திவிட்டார்கள். புத்தகத்துக்குள் தூள் ஒளித்திருந்தது என்று கேள்விப்பட்டதும் ரேச்சல் கேட்டது ஒன்றுதான். "யூ ஸீ, மம்?" பார்த்தீர்களா, அம்மா என்று.

"இனி அவ போகவே மாட்டாக்கா," என்றாள் ஸ்டெல்லா. "அவருக்கு அங்க இருக்கிறது இது ஒண்ணுதான். மக வருவாளா, வருவாளான்னு."

நான் செய்யவேண்டியதைச் செய்தேன். கோயிலில் கடிதம் வாங்கினேன். சிறைக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் வழக்கப்படி நல்வாழ்த்தாக வைத்த பிரசாதம் என்று அதில் இருந்தது. தாரணி பிழை திருத்தித் தந்தாள். 'நல்வாழ்த்து' என்ற இடத்தில் எனக்குக் கொஞ்சம் குத்தியது. ஆனாலும் விட்டுவிட்டேன். மூன்று கிழமையில் சோதனை முடிவு வந்தது. ஒன்றுமில்லை, சாம்பல்தான். பார்வையாளர் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். சாணத்துக்காக ஒருவரும் வரவில்லை, நல்லகாலம்.

ரேச்சல்தான் அசையவில்லை. கடிதத்தையும் முடிவையும் காட்டியும் நம்பவில்லையாம். "நீங்களே வந்து சொல்லுங்கக்கா," என்று ஸ்டெல்லா கேட்டாள். பக்குரங்காவில் கடைத் தொகுதிக்குள் இருக்கிற ஒரு கோப்பிக் கடைக்குப் போனேன். பள்ளிக்கூட உடுப்போடு, கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை நான் எங்கேயோ கண்டிருக்கிறேன். வாசலுக்கு வருகிறவர்களை நான் பார்க்கிற பார்வை.

"தங்கச்சி, எங்கட சனம் ஆருக்கும் நன்மை வேணும் எண்டால் திருநீறு வைக்கிறது வழக்கம். உங்கட அப்பாவுக்காகக் கும்பிட்டு..."

"டிட் மம் டெல் யூ டு சே தட்?" என்று கேட்டாள். அம்மா சொல்லித் தந்ததா?

ஸ்டெல்லா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகம் சுட்டது. பதினைந்து வயதுப் பிள்ளை நேராக என் பொய்யில் விரலை வைத்துவிட்டாள். இவளுக்கு இனிப்புப் பூசி ஒன்றும் கொடுக்க முடியாது. இனிப்புப் பூசியதை நிறையச் சாப்பிட்டு வளர்ந்தவள்.

"இல்லை," என்றேன். எனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தையும் தமிழையும் கலந்து, இருந்ததை இருந்தபடி சொன்னேன். "நான் உம்மட அப்பாவுக்காகக் கும்பிடேல்லை. எனக்கு அவரில பயம். சிறையில இருக்கிற ஆள், எங்கட விலாசம் அவரிட்டப் போகுது, நாளைக்கு வந்து ஏதும் செய்வாரோ எண்டு பயம். எங்கட வீட்டைக் காப்பாத்தத்தான் வைச்சனான். வெளியில தெரிஞ்சா எடுத்துப்போடுவினம் எண்டு ஒட்டி ஒளிச்சனான். அவருக்கு ஒண்டும் தெரியாது."

ஸ்டெல்லா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் தன் புருஷனுக்காகக் கும்பிட்ட அக்கா என்று நினைத்திருந்தவள். அந்தப் பார்வைக்கு எனக்கு இடம்விட்டு எழும்பிப் போகலாம் போல இருந்தது.

"ஸோ இட் வாஸ் யூ," என்றாள் ரேச்சல். "நாட் ஹிம்."

"ஓம். ஒளிச்சது நான். அவர் இல்லை."

6

அடுத்த சனிக்கிழமை போனோம். என்னையும் வரச் சொன்னது ரேச்சல்தான். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை. கார் நிற்பாட்டுகிற இடத்தில் ஸ்டெல்லாவின் காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். வரைபடத்தில் பார்த்த சாம்பல் கூரைகள் நேரில் இன்னும் நீளமாக இருந்தன. மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளை பாதியில் எழும்பி ஓடிவந்துவிடுவாளோ என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணித்தியாலம் கழித்து இரண்டு பேரும் வந்து ஏறினார்கள். ரேச்சல் பின்னால் ஏறிக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. கார் நெடுஞ்சாலைக்கு ஏறியது. பிறகு ஸ்டெல்லா, வீதியைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள்.

"இவ போய் உக்காந்ததும், ஸாரி டாட், அது உங்களோடதுன்னு நெனச்சேன்னு சொன்னாக்கா. அதுக்கு அவரு சொல்றாரு... 'எனக்கே அப்படித்தான்மா இருந்துச்சு. அவங்க அதைப் பிரிச்சு மேசை மேல வச்சப்போ, நான்தான் யார்கிட்டயாவது கேட்டுட்டு மறந்துட்டேனோன்னு ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அவ்வளவு பொய் சொல்லியிருக்கேன்.' அப்படிங்கிறாரு."

பின்னாலிருந்து ரேச்சல் முன்னுக்குச் சரிந்தாள். காதில் இருந்ததைக் கழற்றியிருந்தாள். தாயிடம் அல்ல, என்னிடம்தான் கேட்டாள், தட்டுத் தடுமாறித் தமிழில்.

"ஆன்ட்டி, அவரு சொன்னது... உண்மையா?"

அந்த மனுஷனின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஓர் உயிரைக் கொன்றவர். பெற்ற பிள்ளையின் பைக்குள் போத்தல் ஒளித்தவர். ஆனால் பொய்க்காரர்களை எனக்குத் தெரியும், வாழ்நாள் முழுக்க அவர்களைத் தேடித்தானே திரிந்திருக்கிறேன். பொய் சொல்கிறவன் நான் சுத்தம், என்னை ஏன் சந்தேகப்பட்டாய் என்று பிள்ளையில் பாய்ந்திருப்பான். இப்படி ஒரு சொல் அவன் வாயில் வராது.

"ஓம்," என்றேன். "உண்மை."

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு தாயிடம் திரும்பி, அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.